கடலுக்கு அப்பால் இருக்கும் நம் பதிவுகள்: பொலிஸ் ஆவணங்களைக் கேட்டுப் பெறுவது எப்படி?

உச்சமுனையில் தொழில் செய்யும் என் மச்சானின் படகு இயந்திரம் ஓர் இரவில் வாடிக் கரையிலிருந்து காணாமல் போனது. அடுத்த நாள் காலை அவர் கடல் கடந்து வந்தார். நானும் கூடப் போனேன். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதினோம். கையளவு துண்டொன்றில் ஏதோ இலக்கங்களை எழுதித் தந்தார்கள். அதை என் சட்டைப் பையில் வைத்தேன். சட்டையோடு சேர்ந்து அந்தத் துண்டும் என் வீட்டில் துவைக்கப்பட்டது.

சில மாதங்களுக்குப் பிறகு ஓர் உதவிக்கு விண்ணப்பிக்கும்போது "முறைப்பாட்டுப் பிரதி வேண்டும்" என்றார்கள். திகதி என்ன என்று மச்சானைக் கேட்டேன். "நோன்புக்கு முந்தின கிழமை" என்றார். அது வியாழனா வெள்ளியா என்று எனக்கும் நினைவில்லை. இலக்கமும் இல்லை, திகதியும் இல்லை. அதைத் தேடி அவர் மீண்டும் மீண்டும் கடல் கடக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் தொழில் போனது, எண்ணெய்ச் செலவும் போனது. பிழை என்னுடையது. ஆனால் அந்தப் பிழைக்கு விலை கொடுத்தவர் அவர்.

அந்த அலைச்சலில் கற்றுக்கொண்டதையும், அதற்குப் பிறகு சட்டத்தைப் படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். உச்சமுனை மட்டுமல்ல, பொலிஸ் நிலையம் தொலைவில் இருக்கும் எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

நம் பதிவு எங்கே இருக்கிறது?

உச்சமுனைக்கென்று ஒரு நகர சபை இல்லை, பொலிஸ் நிலையமும் இல்லை. உள்ளூராட்சிக்குக் கற்பிட்டி பிரதேச சபை, நிர்வாகத்துக்குக் கற்பிட்டி பிரதேச செயலகம், பொலிஸுக்குக் கற்பிட்டி பொலிஸ் நிலையம். எல்லாமே தண்ணீருக்கு அந்தப் பக்கம்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் நகராட்சியாகப் பதிவாகாத குடியிருப்புகள் ஏராளம் உண்டு. அங்கே நகரப் பொலிஸ் இருக்காது. ஆகவே அந்த ஊர் மக்கள் தங்கள் பதிவுகளை அந்தப் பிராந்தியத்தின் ஷெரீப் அலுவலகத்தில் கேட்கிறார்கள். "எங்கள் ஊருக்குப் பொலிஸ் இல்லையே, யாரிடம் கேட்பது?" என்ற குழப்பம் அங்கேயும் இருக்கிறது.

நம் நாட்டில் விடை சற்று எளிது. இலங்கையில் எந்த நகர சபைக்கும் பிரதேச சபைக்கும் சொந்தப் பொலிஸ் கிடையாது. 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்கும் ஒரே தேசியப் பொலிஸ்தான் உண்டு. 13ஆவது திருத்தம் மாகாணங்களுக்குத் தருவதாகச் சொன்ன பொலிஸ் அதிகாரங்களும் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே பிரதேச சபைக்கு எழுதிப் பொலிஸ் பதிவு கிடைக்காது. சம்பவம் எந்த நிலையத்தின் எல்லைக்குள் நடந்ததோ, முறைப்பாடு எந்த நிலையத்தில் எழுதப்பட்டதோ, பதிவும் அங்கேதான் இருக்கும்.

களப்பில் நடக்கும் விடயங்களில் இது கொஞ்சம் சிக்கலாகும். களப்பின் ஒரு கரையில் கற்பிட்டியும் நுரைச்சோலையும் இருக்கின்றன. எதிர்க் கரையில் வனாத்தவில்லு. கடலில் நடந்த ஒரு தகராறு எந்த நிலையத்தின் புத்தகத்தில் ஏறியது என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். கடற்படை பிடித்துக் கையளித்த படகு, வலை, பொருட்கள் என்றால் பதிவு ஒரு இடத்தில் மட்டும் இருக்காது. பிடித்த கடற்படையிடம் ஒன்று, கையேற்ற பொலிஸிடமோ சுங்கத்திடமோ கடற்றொழில் திணைக்களத்திடமோ இன்னொன்று என்று பிரிந்திருக்கும். ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாகத்தான் எழுத வேண்டும்.

எந்தப் பதிவுக்கு எந்த வழி?

எல்லாவற்றுக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. நேர் வழி இருந்தால் அதில் போவதே சுகம்.

நீங்களே செய்த முறைப்பாட்டின் பிரதி வேண்டுமென்றால், அந்த நிலையப் பொறுப்பதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதி, உரிய கட்டணத்தைச் செலுத்தி, உறுதிப்படுத்திய பிரதியைக் கேளுங்கள். தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம் தொலைந்த விடயங்களுக்குப் பெரும்பாலும் இதுவே போதும். திகதியும் இலக்கமும் கையில் இருந்தால் புத்தகத்தைப் புரட்டி எடுப்பது சில நிமிட வேலை. இல்லாவிட்டால் என் மச்சானின் கதைதான்.

வெளிநாடு போவதற்கான பொலிஸ் சான்றிதழ் வேறு. அது பொலிஸ் தலைமையகத்திலிருந்து வருவது. உள்ளூர் நிலையம் உங்கள் வதிவிடத்தைப் பற்றி விசாரித்து அறிக்கை அனுப்பும், அவ்வளவுதான்.

விடயம் நீதிமன்றத்துக்குப் போய்விட்டதென்றால், பொலிஸார் நீதவானிடம் சமர்ப்பித்த 'பீ' அறிக்கை வழக்குக் கோவையில் இருக்கும். சம்பந்தப்பட்டவர் சட்டத்தரணி மூலம் நீதிமன்றப் பதிவாளரிடம் அதன் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். பொலிஸ் நிலையத்தில் அலைவதைவிட இது விரைவு.

குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் நீங்கள் என்றால் இன்னொரு உரிமையும் உண்டு. 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க, குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான உதவி மற்றும் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், உங்கள் முறைப்பாட்டின் விசாரணை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அறிவிக்கும்படி கேட்கலாம்.

இந்த வழிகள் அடைபடும்போது, அல்லது கேட்பது முறைப்பாட்டுப் பிரதியைவிடப் பெரிதாக இருக்கும்போது, தகவல் அறியும் உரிமைச் சட்டம் வருகிறது.

முறைப்பாடு செய்யும் நாளிலேயே செய்ய வேண்டியவை

பின்னால் பதிவு கிடைப்பதும் கிடைக்காததும் முதல் நாளிலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது.

முதலாவது மொழி. தமிழில் சொன்னது சிங்களத்தில் எழுதப்பட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்திட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. வாய்மொழியாகச் சொல்வதை, சொல்லப்பட்ட மொழியிலேயே எழுதி, சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத அந்த அதிகாரியால் முடியாவிட்டால், சொல்பவரையே அந்த மொழியில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். அவரும் முடியாது என்றால் மட்டுமே வேறொரு தேசிய மொழியில் எழுதலாம்.

இதன் நடைமுறைப் பொருள் இதுதான்: போகும்போதே முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக்கொண்டு போங்கள். ஊரில் எழுதத் தெரிந்த ஒரு தம்பி, ஒரு ஆசிரியர், பள்ளிவாசலில் ஒருவர் இருப்பார். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போனால் ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை கேட்கலாம்.

இரண்டாவது, துண்டு. அதில் புத்தகத்தின் சுருக்கப் பெயர், பக்கம், பந்தி இலக்கம், திகதி ஆகியவை இருக்க வேண்டும். தராவிட்டால் மரியாதையாகக் கேட்டு வாங்குங்கள். நிலையத்தின் வாசலைத் தாண்டுமுன் அதைத் தொலைபேசியில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவிடுங்கள். கடல் தண்ணீரும் சலவைத் தண்ணீரும் அதைத் தொடாது.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி ஸூரா அல்-பகராவின் 282ஆவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. சிறிதானாலும் பெரிதானாலும் எழுதச் சோம்ப வேண்டாம் என்றும் அதே வசனம் சொல்கிறது. அதை ஓதுகிற சமூகம் திகதியை "நோன்புக்கு முந்தின கிழமை" என்று நினைவில் வைத்திருப்பது சரியா? இதை முதலில் என்னைப் பார்த்தே கேட்கிறேன்.

தகவல் அறியும் உரிமை: படிப்படியாக

2015இல் 19ஆவது திருத்தம் அரசியலமைப்பில் 14அ என்ற உறுப்புரையைச் சேர்த்தது. தகவலை அணுகுவது அதன்மூலம் அடிப்படை உரிமையானது. அதைச் செயற்படுத்த வந்ததுதான் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பொலிஸ் திணைக்களமும் அதற்குக் கட்டுப்பட்ட ஒரு பகிரங்க அதிகாரசபைதான்.

யாருக்கு எழுதுவது? தகவல் அலுவலருக்கு. அவர் யார், அவருக்கு மேல் மேன்முறையீடு கேட்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலர் யார், கட்டணம் என்ன என்பவற்றை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் எழுதித் தொங்கவிட வேண்டும் என்று 26ஆம் பிரிவு சொல்கிறது. கரைக்குப் போகும்போது அந்தப் பலகையையும் படம் எடுத்து வாருங்கள். தகவல் அலுவலர் நியமிக்கப்படாத இடத்தில் அந்த நிறுவனத்தின் தலைவரே தகவல் அலுவலராகக் கருதப்படுவார். "அப்படி ஒருவர் இங்கே இல்லை" என்ற பதிலுக்குச் சட்டத்தில் இடமில்லை.

எப்படி எழுதுவது? ஒரு சாதாரணக் கடிதம் போதும். பதிவுத் தபாலில் அனுப்பலாம், நேரில் கொடுக்கலாம், மின்னஞ்சலிலும் அனுப்பலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. பிரதிகளுக்குத்தான் சிறு தொகை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர உதவுவது தகவல் அலுவலரின் கடமை. காரணம் சொல்லத் தேவையில்லை. "இது உனக்கு எதற்கு?" என்று கேட்டால், சட்டப்படி அந்தக் கேள்விக்குப் பதில் கட்டாயமில்லை என்று பணிவோடு சொல்லலாம். கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ஒப்புகை தர வேண்டும். அதை வாங்காமல் திரும்ப வேண்டாம்.

தமிழில் எழுதலாமா? தாராளமாக. அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரைப்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகளிலும் ஒருவர் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளலாம், பதிலும் பெறலாம். சட்டப்படி பிரதி பெற உரித்துள்ள ஆவணம் ஒன்றின் தமிழ் மொழிபெயர்ப்பையும் கேட்கலாம். புத்தளம் வடமேல் மாகாணத்தில் இருப்பதால் இந்த உரிமை நமக்கு இல்லை என்று நினைப்பவர்கள் நம்மில் பலர். அது தவறு. இதில் தொடர்ந்து தடை வந்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

எத்தனை நாளில் பதில்? 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற தீர்மானம் வர வேண்டும். தருவதாகத் தீர்மானித்தால், கட்டணம் இருந்தால் அதைச் செலுத்திய பின், 14 நாட்களுக்குள் தகவல் கைக்கு வர வேண்டும். பக்கங்கள் அதிகமாக இருந்தாலோ தகவல் தூர இடத்தில் இருந்தாலோ மேலும் 21 நாட்கள் எடுக்கலாம். ஆனால் அதற்கான காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும்.

ஒரு பிரஜையின் உயிர் அல்லது தனிப்பட்ட சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலம்தான். கடலுக்குப் போன பிள்ளை கைதாகி, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று வீட்டாருக்குத் தெரியாமல் இருக்கும் நேரத்தில் இந்த விதி பெரியது. கடிதத்தின் தலைப்பிலேயே "தனிப்பட்ட சுதந்திரம் சம்பந்தப்பட்டது, 25ஆம் பிரிவின் கீழ் 48 மணித்தியாலம்" என்று எழுதிவிடுங்கள். அதோடு மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கும் அழையுங்கள். ஒன்று மற்றதற்குத் தடையல்ல.

ஒரு மாதிரிக் கடிதம்

கேள்வி கேட்கும் விதத்தில்தான் நாம் அதிகம் தவறுகிறோம். "ஏன் கள்வனைப் பிடிக்கவில்லை?" என்பது நியாயமான கேள்விதான். ஆனால் இந்தச் சட்டம் தருவது ஏற்கெனவே பதிவாகி இருக்கும் தகவலை. ஆகவே பதிவைக் கேளுங்கள்.

திகதி: ....................

தகவல் அலுவலர்,
(பொலிஸ் நிலையத்தின் அல்லது பொலிஸ் பிரிவின் பெயர்)

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவின் கீழான விண்ணப்பம்

நான் இலங்கைப் பிரஜை. கீழ்வரும் தகவல்களின் உறுதிப்படுத்திய பிரதிகளைத் தமிழ் மொழிபெயர்ப்புடன் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. ....... ஆம் திகதி என்னால் செய்யப்பட்ட ....... இலக்க முறைப்பாட்டின் பிரதி.
2. அந்த முறைப்பாடு தொடர்பாக இன்றுவரை எடுக்கப்பட்ட நடவடிக்கைகளைக் காட்டும் குறிப்புகள்.
3. விசாரணை முடிவுறுத்தப்பட்டிருந்தால், முடிவுறுத்திய திகதியும் அதற்கான காரணமும் அடங்கிய பதிவு.

இவற்றில் ஒரு பகுதி வெளிப்படுத்த முடியாததாக இருந்தால், 6ஆம் பிரிவின்படி அதை நீக்கி மீதியைத் தரவும்.

பெயர், முகவரி, தொலைபேசி, கையொப்பம்

இதில் கடைசி வரி முக்கியமானது. முழு ஆவணமும் இரகசியம் என்று கதவை மூடுவதை அது தடுக்கும்.

"தர முடியாது" என்றால்

சில தகவல்களை மறுக்கச் சட்டமே இடம் தருகிறது. 5ஆம் பிரிவில் அந்தப் பட்டியல் இருக்கிறது. பொலிஸ் விடயத்தில் அடிக்கடி வருபவை மூன்று: தேசிய பாதுகாப்பு, இன்னொருவரின் அந்தரங்கம், குற்றத்தைத் தடுப்பதற்கோ கண்டுபிடிப்பதற்கோ பாரதூரமான பாதிப்பு ஏற்படுதல். தகவல் கொடுத்தவரின் அடையாளத்தைக் காப்பதும் இதில் அடங்கும். இவை நியாயமானவை. கடத்தல்காரர்களைப் பற்றி இரகசியமாகத் தகவல் சொன்ன ஒரு மீனவரின் பெயர் வெளியே வந்தால் அவர் கதி என்னவாகும்? நாளை அந்த மீனவர் நாமாகவும் இருக்கலாம்.

ஆனால் "விசாரணை நடக்கிறது" என்ற ஒரு சொல் மட்டும் போதாது. இந்தத் தகவலைக் கொடுத்தால் எப்படிப் பாரதூரமான பாதிப்பு வரும் என்று காட்ட வேண்டும். மறுப்பை எழுத்தில், எந்தப் பிரிவின் கீழ் என்ற காரணத்தோடு தர வேண்டும். அதற்கும் மேலாக, வெளிப்படுத்துவதால் வரும் பொதுநலன் பாதிப்பைவிட அதிகமாக இருந்தால் தகவலைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அதே 5ஆம் பிரிவு சொல்கிறது.

அந்தரங்கம் என்ற காரணத்தை இரண்டு பக்கமும் நாம் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு சகோதரி கணவனின் அடி உதையைப் பற்றி முறைப்பாடு செய்கிறாள். பின்னர் காதி நீதிமன்றத்தில் பஸ்ஹு கேட்கவோ, 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை பெறவோ அந்த முறைப்பாட்டுப் பிரதி அவளுக்கு முக்கியமான சான்று. அது அவளது சொந்தத் தகவல். அந்தரங்கம் என்று சொல்லி அதை அவளுக்கே மறுக்க முடியாது. அதே முறைப்பாட்டை ஊரில் இன்னொருவர் வேடிக்கைக்காகவோ வம்புக்காகவோ கேட்டால் அங்கே அந்தரங்கம் குறுக்கே நிற்க வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகமானாலும் அவளது சம்மதம் இல்லாமல் அதைக் கேட்கப் போவது முறையல்ல.

மறுப்பு வந்தாலோ, குறித்த நாளுக்குள் பதிலே வராவிட்டாலோ, தந்தது அரைகுறையாக இருந்தாலோ, 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யுங்கள். அவர் மூன்று வாரங்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் இரண்டு மாதங்களுக்குள் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம். அங்கே மறுப்பு சரி என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையதல்ல, மறுத்த நிறுவனத்தினுடையது. ஏதோ காரணத்தால் நீங்களே மேன்முறையீடு செய்ய முடியாவிட்டால் எழுத்தில் அதிகாரமளித்து இன்னொருவரை உங்கள் சார்பில் செய்யச் சொல்லலாம். காற்றுக் காலத்தில் கரைக்கு வர முடியாத தீவு மக்களுக்கு இது பெரிய சலுகை.

இந்த நாட்கணக்கைத் தவறவிடுவதுதான் நம் ஆட்களின் பலவீனம். முதல் கடிதத்தோடு ஆர்வம் முடிந்துவிடுகிறது. கடிதம் கொடுத்த அன்றே நாட்காட்டியில் அடுத்த திகதியைக் குறித்துவிடுங்கள்.

ஊருக்கான பதிவு

இதுவரை சொன்னது தனி ஒருவரின் பதிவைப் பற்றி. ஊர் முழுவதற்குமான பதிவும் உண்டு. கடந்த ஐந்து வருடங்களில் உச்சமுனையிலிருந்து எத்தனை திருட்டு முறைப்பாடுகள் பதிவாகின? எத்தனை நீதிமன்றம் போயின? எத்தனை இணக்க சபைக்கு அனுப்பப்பட்டன? தீவுப் பகுதிக்கு எத்தனை தடவை பொலிஸ் ரோந்து வந்தது? தமிழ் தெரிந்த உத்தியோகத்தர்கள் எத்தனை பேர் நிலையத்தில் இருக்கிறார்கள்? இவற்றில் யாருடைய அந்தரங்கமும் இல்லை. பெயர் கேட்கவில்லை, எண்ணிக்கை மட்டுமே கேட்கிறோம்.

இந்தக் கேள்விகளை ஒரு தனி மனிதர் கேட்கத் தயங்குவார். நாளைக்கு அதே நிலையத்தின் வாசலில்தானே போய் நிற்க வேண்டும்? இதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. 43ஆம் பிரிவின் பொருள்கோடலில், உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினருக்குக் குறையாதோர் இலங்கைப் பிரஜைகளாக இருந்தால், ஒரு குழுவும் 'பிரஜை' என்றே கருதப்படும். அந்தக் குழு சட்டப்படி கூட்டிணைக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மீனவர் சங்கம், ஜனாஸா நலன்புரிச் சங்கம், மாதர் சங்கம், பள்ளிவாசல் நிர்வாகம், தேவாலயக் குழு என்று எதுவும் தன் பெயரில் கேட்கலாம். சபை இல்லாத ஊர் என்று நம்மைச் சொல்கிறார்கள். சங்கம் இல்லாத ஊர் என்று சொல்ல முடியாதே.

எண்ணிக்கை கையில் இருந்தால் பேச்சு மாறும். "எங்களுக்குப் பொலிஸ் காவலரண் ஒன்று வேண்டும்" என்று பாராளுமன்ற உறுப்பினரிடமோ பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவிடமோ சொன்னால் அது பத்தோடு பதினொன்றான கோரிக்கை. பொலிஸாரின் சொந்தப் பதிவையே காட்டி, இத்தனை முறைப்பாட்டில் இத்தனைதான் முடிந்தது என்றால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். எண்ணிக்கை குறைவாக வந்தால் அதுவும் ஒரு செய்திதான்: தூரத்துக்குப் பயந்து நம் மக்கள் முறைப்பாடே செய்வதில்லை என்று அது சொல்லலாம்.

2027 பெப்ரவரி 3ஐ மறக்க வேண்டாம்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

பதிவுகளை எவ்வளவு காலம் பாதுகாக்க வேண்டும் என்று சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு உருவான பதிவுகளை உருவான நாளிலிருந்து குறைந்தது 12 வருடங்கள் வைத்திருக்க வேண்டும். சட்டம் வரும்போது ஏற்கெனவே இருந்த பழைய பதிவுகளை, சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து குறைந்தது 10 வருடங்கள். கணக்கு எளிது. 2017 பெப்ரவரி 3க்கு முந்திய பதிவுகளுக்கு இந்தச் சட்டம் தரும் ஆகக் குறைந்த பாதுகாப்பு 2027 பெப்ரவரி 3 வரைதான்.

அதன் பிறகு எல்லாவற்றையும் எரித்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. தேசிய சுவடிகள் பற்றிய 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. ஆனால் "வைத்தே ஆக வேண்டும்" என்று 7ஆம் பிரிவைக் காட்டிப் பேசும் பலம் அந்த நாளோடு குறைந்துவிடும்.

நம் மாவட்டத்துக்கு இது ஏன் முக்கியம்? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் வந்து சேர்ந்தது புத்தளத்துக்கும் கற்பிட்டிக் குடாநாட்டுக்கும்தான். மன்னார்க் கரையிலிருந்து படகில் வந்தவர்களும் உண்டு. இழந்த காணி, வீடு, நகை, படகு பற்றி அன்றோ பின்னரோ பொலிஸில் சொல்லி வைத்தவர்கள் இருந்தால், அந்தப் பதிவுகள் இந்தப் பத்து வருடக் கணக்கில்தான் வருகின்றன. 1976 பெப்ரவரியில் புத்தளம் பெரிய பள்ளிவாசலில் நடந்த பொலிஸ் துப்பாக்கிச் சூடு பற்றி ஏதாவது ஏடு மிஞ்சியிருந்தால் அதுவும் அப்படியே. வாப்பா முறைப்பாடு செய்தார் என்று மகனுக்குத் தெரியும். எந்த நிலையத்தில், எந்த வருடம் என்பது வாப்பாவுக்குத்தான் தெரியும். அந்த வாப்பாமார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

2019 மே 13ஆம் திகதி வடமேல் மாகாணத்தில் நடந்த வன்முறைகளின் பதிவுகள் வேறு கணக்கு. கொட்டராமுல்லையில் ஒரு சகோதரர் கொல்லப்பட்டதும் பல ஊர்களில் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதும் அந்த நாளில்தான். அவை சட்டம் வந்த பிறகு உருவான பதிவுகள். ஆகவே 2031 மே வரை பாதுகாக்கப்பட வேண்டும். நேரம் இருக்கிறது என்று அதையும் தள்ளிப்போட வேண்டாம்.

இங்கே சட்டம் ஒரு சிறு பூட்டையும் கையில் தந்திருக்கிறது. ஒரு பதிவைக் கேட்டு விண்ணப்பம் கொடுத்துவிட்டால், அந்த விண்ணப்பமும் அதன் மேன்முறையீடும் முடியும்வரை அந்தப் பதிவை அழிக்கக் கூடாது. வேண்டுமென்றே அழித்தாலோ மறைத்தாலோ அது குற்றம். ஆகவே பழைய பதிவு தேவைப்படுபவர் செய்ய வேண்டிய முதல் வேலை, விவரம் முழுமையாக இல்லாவிட்டாலும் தெரிந்ததை வைத்து இப்போதே எழுதிக் கொடுப்பது.

நம்மால் முடிந்தது

எல்லாப் பள்ளிவாசலிலும் ஒரு மேசை, ஒரு கோவை, எழுதத் தெரிந்த இரண்டு பிள்ளைகள் போதும். வாரத்தில் ஒரு நாள் அஸருக்குப் பிறகு உட்கார்ந்து, ஊரில் யார் யாருடைய முறைப்பாட்டு இலக்கம் என்ன, யாருடைய விண்ணப்பம் எந்தத் திகதியில் போனது, மேன்முறையீட்டு நாள் எது என்று எழுதி வைக்கலாம். உச்சமுனையிலும் அதைச் சுற்றியுள்ள தீவுகளிலும் பருவத்துக்கு வந்து தொழில் செய்யும் மற்றச் சமூகத்தவருக்கும் அதே மேசையில் எழுதிக் கொடுக்கலாம். இயந்திரம் களவுபோகும்போது கள்வன் மதம் பார்ப்பதில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்தச் சட்டத்தை உத்தியோகத்தர்களோடு சண்டை போடும் ஆயுதமாக எடுக்க வேண்டாம். புத்தகத்தைப் புரட்டித் தேடும் கான்ஸ்டபிளுக்கும் நூறு வேலை இருக்கும். திகதியும் இலக்கமும் கொண்டுபோனால் அவருக்கும் சுகம், நமக்கும் சுகம். உரிமையைக் கேட்பதிலும் அதபு வேண்டும்.

என் மச்சானின் கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் மருமகளின் தொலைபேசியைப் புரட்டியபோது, இயந்திரம் காணாமல்போன காலையில் வெறும் படகை அவள் எடுத்திருந்த படமொன்று கிடைத்தது. படத்தில் திகதி இருந்தது. அந்தத் திகதியோடு போன அன்றே முறைப்பாடு அகப்பட்டது, பிரதியும் கிடைத்தது. இயந்திரம் இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் அதைத் தேடும் கடமை இன்னும் முடியவில்லை என்று காட்ட ஒரு தாள் மச்சானின் கையில் இருக்கிறது. அந்தத் தாளை அவர் இப்போது என்னிடம் தருவதில்லை.